எர்த் லீக்கேஜை "சரிசெய்ய" 6,800 ரேண்ட்: டர்பன் தமிழ் மக்களே, படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, ஆனால் இன்றைக்கே எழுதியாக வேண்டும். 6,800 ரேண்ட் போனது ஒரு பக்கம். என் மாமியார் உயிரோடு இருப்பது கடவுள் புண்ணியம்.

நாங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில், பழைய வீடு. கொஞ்ச நாளாகவே மழை பெய்தால் டிபி போர்டில் (வீட்டு மின்சாரப் பெட்டி) எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்துவிடும். தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், திரும்ப விழும். ஃப்ரிட்ஜ், கெட்டில், டிவி என்று எல்லா பிளக்கையும் பிடுங்கிப் பார்த்தோம். அப்போதும் விழுந்தது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி இருக்கிறதே, அதில் நல்ல நட்சத்திரங்களோடு இருந்த ஓர் எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன்.

வந்த பையன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான். சாமி விளக்கைப் பார்த்து "வணக்கம் ஆன்ட்டி" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொல்லிக் கும்பிட்டான். தன் பாட்டி வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார் என்று மாமியாரிடம் சொன்னான். அவருக்கு அது போதும். டீ, வடை, அடுத்த முறை வந்தால் சாப்பாடு என்று உபசாரம். நம் பிள்ளை, நம்மை ஏமாற்றமாட்டான் என்று வீடே நம்பியது. அந்த நம்பிக்கையைத்தான் அவன் காசாக்கினான்.

டிபியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். மீட்டர் எதையும் வெளியே எடுக்கவில்லை. "லோட் ஷெடிங்கில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எர்த் லீக்கேஜ் செத்துப்போச்சு ஆன்ட்டி, புதுசு போடணும், உள்ளே ஒயரையும் மாத்திக் கட்டணும்" என்றான். 6,800 ரேண்ட். சிஓசி தாளும் (ஒயரிங் ஒழுங்காக இருக்கிறது என்ற சான்றிதழ்) அதில் சேர்த்தி, ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்றான். வேலை முடிந்ததும் செயலி வழியாகவே முழுப் பணமும் கட்டினோம். அன்று ராத்திரி நல்ல மழை. எர்த் லீக்கேஜ் விழவே இல்லை. மாமியார் அவன் பெயரைச் சொல்லி விளக்கேற்றினார்.

அது ஏன் விழவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பின்கட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. துணி எடுக்கப் போன மாமியார் அலறிக்கொண்டு ஓடி வந்தார். மெஷினைத் தொட்டதும் கை சுள்ளென்று இழுத்ததாம். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் எலக்ட்ரீஷியன் பெரியவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் மெயினைப் போட்டு, எர்த் லீக்கேஜில் 'டி' என்று போட்ட சோதனைப் பொத்தானை அழுத்தினார். சுவிட்ச் விழுந்தது. லைட்டெல்லாம் அணைந்தது. ஆனால் சமையலறை பிளக்கில் சோதித்தால் கரண்ட் அப்படியே இருக்கிறது! பிளக்குகளுக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி, எர்த் லீக்கேஜுக்கு முன்னால் மெயின் சுவிட்சிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறான் அந்தப் பாவி. புதிது என்று சொல்லிப் பணம் வாங்கிய யூனிட்டும் எங்கள் பழைய யூனிட்டேதான், மேல் மூடியில் மகன் சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கரின் கறைகூட இருந்தது.

பெரியவர் விளக்கியது இது. லைவில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று எர்த் லீக்கேஜ் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில், ஒருவர் உடம்பு வழியாகவே ஆனாலும், மண்ணுக்குப் போனால் கண் இமைக்கும் முன் 230 வோல்ட்டையும் துண்டித்துவிடும். அது அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் காவலைப் பிடுங்கிப் போட்டிருக்கிறான். பிளக் பாயின்ட்டுகளுக்கு எர்த் லீக்கேஜ் இருந்தே ஆக வேண்டும் என்பது இந்த நாட்டு ஒயரிங் விதி.

கசிவு இருந்த இடம் பின்கட்டு பிளக் பெட்டி. மூடி வெடித்து மழைத்தண்ணீர் இறங்கி, எர்த் ஒயர் பச்சை பூத்துப் பாதி கழன்றிருந்தது. பெரியவர் பிரேக்கர்களை (டிபியில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சுவிட்ச்) ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் மண்ணைத் தொட்டால் பிரேக்கர் அணைந்திருந்தாலும் எர்த் லீக்கேஜ் விழும் என்றார். மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒயரின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீட்டரில் அளந்தார். காப்பு 1 மெகோமுக்கு (பத்து லட்சம் ஓம்) குறையக் கூடாதாம். அந்த ஒரு லைன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. புதுப் பெட்டி, ஒயர், டிபியை ஒழுங்காகத் திரும்பக் கட்டியது, கூலி எல்லாம் சேர்த்து 950 ரேண்ட். அவனுக்கு 6,800, இவருக்கு 950!

இனி அந்தப் பையனைக் கேட்டபோது நடந்த அலைக்கழிப்பு. முதலில் "நாளைக்கு வரேன் ஆன்ட்டி". பிறகு "பேக்கி (சின்ன லாரி) ரிப்பேர்". பிறகு நீல டிக் மட்டும். படங்களை அனுப்பியதும் என்னை பிளாக் செய்தான். சிஓசி இன்றுவரை வரவில்லை. செயலிக்காரர்களோ, தாங்கள் ஆளை அறிமுகம் செய்பவர்கள் மட்டுமே, வேலைக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். "வேலை முடிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்று ஒரு பதில். அதற்கும் விடாமல் எழுதியபோது, அடுத்த புக்கிங்குக்கு 150 ரேண்ட் கூப்பன்! மாமியாருக்கு ஷாக் அடித்தது என்று எழுதியதற்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார்கள். என் 6,800 ரேண்டில் அவர்கள் எடுத்த பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். விடமாட்டேன்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், நேரமில்லை. வருகிறவரிடம் தொழிலாளர் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்றவர் மட்டும்தான் சிஓசி கொடுக்க முடியும். மெகர் இல்லாமல் வந்து டார்ச் மட்டும் அடிக்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். மாற்றிய பழைய யூனிட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே சோதனைப் பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு விளக்கைச் செருகிப் பாருங்கள். எதிலாவது எரிந்தால் பணம் கொடுக்காதீர்கள். வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் சமீபத்தில் யாராவது டிபியைத் தொட்டிருந்தால், இன்றைக்கே போய் இந்தச் சோதனையைச் செய்துகொடுங்கள்.