நாலு டிஸ்க்கை மிரராகப் போடுவதா, பாரிட்டியில் போடுவதா: ட்ரூநாஸ், அன்ரெய்ட், ஓப்பன்மீடியாவால்ட்

நாலு 4 டிபி டிஸ்க். அதில் எந்த நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் பொதுச் சேமிப்பாக இருக்கும் கணினி) மென்பொருளைப் போடுவது, எப்படி அடுக்குவது என்று ரொம்பவே மண்டையைக் குடைந்துகொண்டு கடைசியில் ட்ரூநாஸில் இரண்டிரண்டாக மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைப்பது) போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொத்தம் 16 டிபி. மிரர் என்றால் கைக்கு வருவது 8, ரெய்டுஸெட்1 (ட்ரூநாஸின் கோப்பு முறைமையான ஸெட்எஃப்எஸ்ஸின் ஒற்றைப் பாரிட்டி அடுக்கு) அல்லது ஒரு பாரிட்டி வைத்த அன்ரெய்ட் என்றால் 12. பாரிட்டி என்பது போன டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்குத் தகவல். அந்த 8-ம் திரையில் ஏழேகால்கூட முழுசாகத் தெரியாது. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், மென்பொருள் 1024-ஆல் வகுக்கிறது, போதாக்குறைக்கு ஸெட்எஃப்எஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. பாதி இடம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் இருந்தது.

அப்புறம் மென்பொருளே போடும் வரம்பு. ஒரு காலத்தில் நெக்ஸென்டாஸ்டோர் என்ற சேமிப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு 18 டிபியோடு நின்றுவிடும், அதற்கு மேல் காசு. இன்று ட்ரூநாஸிலும் ஓப்பன்மீடியாவால்ட்டிலும் அந்த மாதிரிப் பூட்டு கிடையாது. அன்ரெய்டில் உண்டு, ஆனால் அது டெராபைட்டை எண்ணுவதில்லை, டிஸ்க்குகளை எண்ணுகிறது: ஸ்டார்ட்டர் உரிமத்தில் ஆறு. கேஷுக்கு (எழுதும் தரவைத் தற்காலிகமாக வாங்கிவைக்க) செருகிய எஸ்எஸ்டியும் அந்த ஆறில் சேர்த்தி என்பது பலருக்கு வாங்கிய பிறகுதான் உறைக்கிறது. ஒரு டிஸ்க்குக்கு 2 டிபி என்ற பழைய தடை எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையின் குறை, ஜிபிடி என்ற புதிய முறை வந்ததும் ஒழிந்தது.

ஆக, உண்மையான வரம்பு உரிமத்தில் இல்லை. இடம் நிரம்பிய பிறகு என்ன செய்ய முடியும் என்பதில் இருக்கிறது. என் முடிவு மொத்தமும் இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

மிரரில் இரண்டு 8 டிபி டிஸ்க் வாங்கினால் போதும், ஒரு ஜோடியை மாற்றினதுமே பூல் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த மொத்தச் சேமிப்பு) 8-லிருந்து 12 ஆகிவிடும். மாற்றும் முறையும் அழகு. ஒரு சாட்டா போர்ட் காலியாக இருந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றாமலே புதியதை மூன்றாவதாகச் சேர்க்கலாம். பூலின் நிலையைக் காட்டும் ஸீபூல் ஸ்டேட்டஸ் கட்டளையில் மிரர்-0 என்பதன் கீழ் மூன்று டிஸ்க் வரிசையாக நிற்கும், புதியதன் பக்கத்தில் மட்டும் ‘ரெஸில்வரிங்’ (தரவு நகலாகிறது) என்றிருக்கும். அது முடிந்ததும் பழையதை டிட்டாச் செய்து பிரித்துவிட்டால் சரி, நடுவில் ஒரு நிமிடம்கூடத் தரவு ஒற்றைப் பிரதியில் தொங்காது. ரெய்டுஸெட்1-இல் இதே வளர்ச்சிக்கு நாலு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க வேண்டும், நாலாவது ஏறும்வரை ஒரு ஜிபிகூட அதிகரிக்காது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்ஸெட்எஃப்எஸ் 2.3-இல் ரெய்டுஸெட்டுக்கு ஒற்றை டிஸ்க்கைச் சேர்த்து அகலப்படுத்தும் வசதி வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே எழுதிய தரவு பழைய பாரிட்டி விகிதத்திலேயே கிடக்கும், மறுபடி எழுதினால்தான் முழு லாபம். தவிர அகலப்படுத்தியதைத் திரும்பக் குறுக்க வழியில்லை.

மிரரில் பின்வாங்கவும் முடியும். ‘அட்டாச்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘ஆட்’ என்று அடித்தால் புதிய டிஸ்க் ஜோடி சேராமல், பூலில் பிரதி இல்லாத தனி ஸ்ட்ரைப்பாக உட்கார்ந்துகொள்ளும். அது போனால் பூலே போச்சு. மிரர் மட்டுமே உள்ள பூலில் அதை ரிமூவ் செய்து வெளியே எடுத்துவிடலாம். பூலில் ஒரு ரெய்டுஸெட் இருந்தாலே ரிமூவ் மறுத்துவிடும், எல்லாவற்றையும் வேறெங்காவது நகலெடுத்துவிட்டுப் பூலைப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

மிரருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு டிஸ்க் போன பிறகு இரண்டாவதாகப் போவது அதன் ஜோடியாகவே இருந்தால் கதை முடிந்தது, நாலு டிஸ்க்கில் அதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. அதே 8 டிபி தரும், இரட்டைப் பாரிட்டி வைத்த ரெய்டுஸெட்2-இல் எந்த இரண்டு போனாலும் தாங்கும். பாதுகாப்பை மட்டும் பார்த்தால் அதுதான் மேல், இதில் வாதாட ஒன்றுமில்லை. எட்டு, பத்து டிஸ்க் வைக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதிலும் நியாயம் இருக்கிறது. அத்தனை டிஸ்க்கை நான் ஓட்டியதில்லை, அதனால் அதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஓப்பன்மீடியாவால்ட்டில் வழக்கமான வழி லினக்ஸின் எம்டிஅட்மின் கருவியில் போடும் ரெய்டு1, அதாவது மிரர். இலகுவானது, பழைய கணினியிலும் ஓடும், ஒரு டிஸ்க்கை உருவி எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் தரவு படிக்க வரும். ஆனால் இரண்டு பிரதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் எது சரி என்று அதற்குத் தெரியாது. ஸெட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருப்பதால் கெட்டதைக் கண்டுபிடித்து நல்ல பிரதியிலிருந்து தானே திருத்திக்கொள்ளும். டிஸ்க் மாற்றும்போது எம்டிஅட்மின் காலி இடத்தையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் நகலெடுக்கும், ஸெட்எஃப்எஸ் தரவு இருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளும். ஓஎம்வி-எக்ஸ்ட்ராஸ் என்ற துணைத் தொகுப்பு மூலம் அங்கேயும் ஸெட்எஃப்எஸ் ப்ளக்இன் போடலாம்தான், அவ்வளவு தூரம் போவதற்கு நேராக ட்ரூநாஸே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது.

அன்ரெய்டைச் சோதனை உரிமத்தில்தான் ஓட்டிப் பார்த்தேன். 3 டிபி, 6 டிபி, 10 டிபி என்று கலவையாகக் கையில் கிடப்பவர்களுக்கு அதை அடிக்க ஆள் இல்லை, மிரரில் அந்தக் கலவை பாதி வீணாகும். பாரிட்டி டிஸ்க் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். பாரிட்டி தாங்காத அளவுக்கு டிஸ்க்குகள் போனாலும் மிச்ச டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அப்படியே படிக்க வரும், இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. எழுதும் வேகம்தான் சோர்வு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் பழைய தரவையும் பாரிட்டியையும் படித்துவிட்டு எழுதுவதால் கேஷுக்கு எஸ்எஸ்டி இல்லாமல் பெரிய கோப்புகளை நகர்த்துவது பொறுமைக்குச் சோதனை. வீடியோ சேமித்து வைத்துப் பார்ப்பதுதான் முக்கிய வேலை, டிஸ்க்கும் ஏற்கெனவே கலவையாக இருக்கிறது என்றால் என் மிரர் புராணத்தை விட்டுவிட்டு அன்ரெய்டுக்கே போங்கள். கேஷையும் சேர்த்து டிஸ்க்குகளை எண்ணிவிட்டு உரிமம் வாங்குங்கள்.