நடுவில் வரும் ஆளை நம்பி கடை வேலைக்குப் போகும் போட்டோகிராபர்கள் கவனத்துக்கு

மதுரையில் ஒன்பது வருடமாகத் தனியாகக் கேமரா வைத்துத் தொழில் செய்கிறேன். கல்யாண வேலை எனக்குக் குறைவு. ஹோட்டல், பேக்கரி, பாத்திரக் கடை, சுங்குடிச் சேலைக் கடை, கவரிங் கடை என்று சின்னக் கடைகளை வைத்துத்தான் பிழைப்பு. 2024 ஆடியில் ஆரம்பித்த ஒரு வேலையில் 54,000 ரூபாய் போய்விட்டது. அதைவிட, வருடக்கணக்கில் முகம் பார்த்துப் பழகிய கடைக்காரர்களில் சிலர் என்னையும் சந்தேகமாகப் பார்க்கும்படி ஆகிவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் அந்த ஆளின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் எப்படி வந்தார், எப்படிப் பேசினார், எங்கே என்னைக் கட்டிப் போட்டார் என்பதை முழுதாகச் சொல்கிறேன்.

ஒரு பேக்கரிக்கு நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு போன் செய்தார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி நடத்துவதாகவும், கையில் பதினொரு கடை இருப்பதாகவும் சொன்னார். “அண்ணே, நீங்க கடைக்காரங்ககிட்ட ரேட் பேசி அலைய வேண்டாம். படம் மட்டும் எடுத்துக் கொடுங்க. பணம் என் பொறுப்பு” என்றார்.

இந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்குக் காரணம் புரியும். சின்னக் கடையில் வேலை பேசுவது படம் எடுப்பதைவிடக் கஷ்டம். “என் பையனே செல்போன்ல நல்லா எடுக்கிறானே” என்பார்கள். 6,000 சொன்னால் 3,000க்குக் கேட்பார்கள். வேலை முடிந்த பிறகு மீதிப் பணத்துக்கு நாலு தடவை நடக்க வேண்டும். போகும்போதெல்லாம் முதலாளி சாப்பிடப் போயிருப்பார். பாதி நாளை இதிலேயே தொலைக்கிற ஒருவனிடம் “பணத்துக்கு நான் பொறுப்பு” என்று சொன்னால் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கும். ஒரு கடைக்கு 6,000 என்று பேசினோம்.

முதல் இரண்டு கடைக்கும் அன்றைக்குச் சாயங்காலமே ஜிபேயில் பணம் வந்துவிட்டது. நான் எடிட்டிங்கே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் 12,000 ரூபாய். இவ்வளவு நாணயமான ஆளா என்று வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அந்த 12,000 எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பிறகு முன்பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மீதி ஒன்பது கடையையும் ஆவணியிலிருந்து தீபாவளி வரை எடுத்தேன். எல்லாமே உயிரைக் கொடுத்துச் செய்த வேலை. எவர்சில்வர் பாத்திரம் எடுத்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு குடத்திலும் கேமராவும் நாமும் ட்யூப்லைட்டும் தெரியும். சுற்றிலும் பட்டர் பேப்பரைக் கூடாரம் மாதிரிக் கட்டி, லென்ஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டு, வெளியிலிருந்து லைட் அடித்தேன். நாற்பது சாமானுக்கு ஒரு முழு நாள் ஆனது. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வைக்க ஒரு பையனைக் கூட்டிப் போனேன். அவன் கூலி என் கையிலிருந்து. கவரிங் கடைக்கு, சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாடகை, அதுவும் என் கையிலிருந்து.

எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது கறிதோசைப் படம். கல்லிலிருந்து இறக்கி மூன்று நான்கு நிமிடத்தில் மேலே இருக்கிற எண்ணெய் மினுமினுப்பு அடங்கிவிடும், கறி காய்ந்த மாதிரி ஆகிவிடும். அதனால் லைட், இலை, சால்னாக் கிண்ணம் எல்லாம் தயாராக வைத்துவிட்டு மாஸ்டருக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவர் முகம் சுளிக்காமல் ஐந்து தோசை சுட்டார். ஐந்தாவதுதான் நான் நினைத்தபடி வந்தது. அவசரத்தில் வாழையிலையின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்திருந்தது. அழிக்கலாம் என்று நினைத்து, அதுதான் நிஜமாகப் பந்தியில் விழுகிற இலை மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி பேனர் அவசரம், பிரிண்டர் காத்திருக்கிறார் என்று அந்தக் கம்பெனிக்காரர் தினமும் அரித்தார். ஒன்பது கடைப் படங்களையும் வாட்டர்மார்க் (படத்தின் மேல் போடுகிற பெயர்க் குறி) இல்லாமல், முழு அளவில், டிரைவ் லிங்க்காக அனுப்பினேன். தீபாவளி முடிந்ததும் நேரில் வந்து ஒரு செக் கொடுத்தார். 54,000 ரூபாய், தேதி நவம்பர் 4. “அண்ணே, இப்ப போட்டுடாதீங்க. பார்ட்டிங்க பணம் வரணும். நான் சொல்றப்ப போடுங்க, ரிட்டர்ன் ஆனா ரெண்டு பேருக்கும் சங்கடம்.” ஒரு மனிதர் மரியாதையாகக் கேட்கிறார் என்று செக்கை பீரோவில் வைத்தேன்.

கார்த்திகை முடியட்டும் என்றார். பிறகு மார்கழியில் வியாபாரம் மந்தம் என்றார். பொங்கலுக்குப் பிறகு கட்டாயம் என்றார். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தார், அன்பாகப் பேசினார். பிப்ரவரி முதல் வாரத்தில் போன் எடுப்பது நின்றது. 6ஆம் தேதி செக்கை வங்கியில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா தேதியைப் பார்த்துவிட்டு, “மூணு மாசம் முடிஞ்சு போச்சே சார், இது செல்லாது” என்றார்.

என் அப்பா காலத்துப் பேச்சில் செக்குக்கு ஆறு மாதம் ஆயுள் என்று காதில் விழுந்தது மனதில் நின்றுவிட்டது. 2012 ஏப்ரல் முதல் அது மூன்று மாதம்தான். இரண்டு நாள் தாண்டியிருந்தேன். இதன் விலை என்ன என்பதை வக்கீல் விளக்கியபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. செல்லுபடியாகும் காலத்துக்குள் செக்கைப் போட்டு அது பணமில்லாமல் திரும்பியிருந்தால், 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். தேதி போன செக்குக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. இனி சிவில் வழக்குதான். “நான் சொல்றப்ப போடுங்க” என்பது அந்த மூன்று மாதத்தைக் கடத்துவதற்கான பேச்சு என்றே நான் நம்புகிறேன்.

சரி, பேசிய ஆதாரம் இருக்கிறதே என்று வாட்ஸாப்பைத் திறந்தேன். ரேட் பேசியது, ‘பணம் என் பொறுப்பு’ என்ற வாய்ஸ் மெசேஜ், எதுவும் இல்லை. ஏழு நாளில் மெசேஜ் தானாக அழிகிற செட்டிங்கை அவர் ஆரம்பத்திலேயே போட்டிருந்தார். சேட்டில் ஒரு சின்னச் சாம்பல் நிற வரியாக அது வந்திருக்கும். நான் கவனிக்கவே இல்லை. என் கையில் மிஞ்சியது டிரைவ் லிங்க் அனுப்பிய மெயில், 12,000 வந்த கணக்கு, செல்லாத செக். தயவுசெய்து இதை இப்போதே உங்கள் போனில் பாருங்கள். பார்ட்டியின் பெயரைத் தொட்டால் அந்த செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று தெரியும்.

பிறகு கடை கடையாக நடந்தேன். பாத்திரக் கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், “தம்பி, நான் ஆடியிலேயே பதினஞ்சாயிரம் கொடுத்துட்டேனே. உங்களுக்குக் கொடுக்கலையா?” என்றார். கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். போட்டோ, கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது, ஒரு வருடம் இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொள்வது, எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். நான் விசாரித்த எட்டுக் கடையிலும் இதே 15,000. இன்ஸ்டாகிராமில் தீபாவளிக்கு நாலு படம் போட்டதோடு சரி.

கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். கூகுளில் கடையைச் சேர்க்கக் காசே கிடையாது. உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் நீங்களே சேர்க்கலாம். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை. இந்த ஆள் தன் மெயிலில் சேர்த்திருக்கிறார். ஒரு சேலைக் கடைக்குத் தன் நம்பரையே போட்டிருந்தார். கடையைத் தேடிப் போன் செய்தவர்கள் எல்லாம் அவருக்குத்தான் பேசியிருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு உட்கார்ந்து உரிமை கேட்டு விண்ணப்பித்து நம்பரை மாற்றிக் கொடுத்தேன்.

கறிதோசைக் கடைக்குப் போனதைத்தான் எழுத முடியாமல் இத்தனை மாதம் தள்ளிப் போட்டேன். முதலாளி என்னை உள்ளே கூப்பிடவில்லை. போனை எடுத்து ஒரு பேனர் படத்தைக் காட்டினார். ஊருக்கு வெளியே வேறொரு ஹோட்டல். வாசலில் பத்தடி உயரத்துக்கு அவருடைய கறிதோசை, அதே கிழிந்த இலை. “என் கல்லுல சுட்ட தோசைய அடுத்தவன் கடை வாசல்ல தொங்க விட்டுட்டீங்களே தம்பி. உங்களை நம்பித்தானே மாஸ்டரை அரை நாள் நிக்க வச்சேன்” என்றார். நான் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பினாரா என்று தெரியாது. ஐந்து தோசை சுட்ட அந்த மாஸ்டர் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

படம் என்னுடையதுதானே, எடுத்துப் போட்டவர் மேல் நடவடிக்கை எடுக்கலாமே என்று வக்கீலிடம் கேட்டேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டினார். பொதுவாக எடுத்தவர்தான் உரிமையாளர். ஆனால் பணம் பேசி ஒருவர் சொல்லி எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர். “எடுக்கச் சொன்னது அவரா, கடைக்காரரா? எழுத்தில் என்ன இருக்கு?” என்று கேட்டார். என்னிடம் எழுத்தே இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு கடைக்கும் நான் ஒரு வரி எழுதி வாங்கியது கிடையாது.

ஸ்டேஷனில் முதலில் கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். இரண்டு கடைக்காரர்கள் தங்கள் ரசீதோடு என்னுடன் வந்த பிறகுதான் மனுவை வாங்கி, மனு பெற்றதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். பாத்திரக் கடை அண்ணாச்சி அன்றைக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். விசாரணைக்குக் கூப்பிட்டபோது அந்த ஆள் பத்து நாள் டைம் கேட்டுவிட்டுப் போனார். அதோடு நம்பர் அணைந்தது. சிவில் வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது, பேப்பர் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் வேலை எடுக்கிற விதம் மாறிவிட்டது. நடுவில் யார் கூட்டிக்கொண்டு வந்தாலும், கடை முதலாளியைத் தனியாகப் பார்த்து, “உங்க கடைக்கு என் கூலி இவ்வளவு, இதை யார் தருவாங்க?” என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறேன். உண்மையான ஏஜென்சிக்காரர் இதற்குக் கோபப்படுவதில்லை. கோபப்பட்ட ஒருவரின் வேலையைப் போன மாதம் வேண்டாம் என்று விட்டேன். பாதிப் பணம் வந்த பிறகுதான் லைட் ஸ்டாண்டை விரிக்கிறேன். பார்க்க அனுப்புவது வாட்டர்மார்க் போட்ட சின்ன அளவுப் படம். எத்தனை படம், எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு மட்டும், முழுப் பணமும் வரும்வரை படம் என்னுடையது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். செக் என்றால் தேதி அன்றைக்கே வங்கி.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் செய்துவிட்டேன். தனி ஆள் போட்டோகிராபரும் குறுந்தொழில்தான், பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிந்தவருக்கு எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2006ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு தளத்தில் புகார் போடலாம். வேலைக்கு முன்பே பதிந்திருப்பதுதான் பாதுகாப்பு என்று வக்கீல் சொன்னார். எனக்கு அது பிந்திவிட்டது.

இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் திண்டுக்கல்லில் இருந்து ஒரு தம்பி நேற்று அனுப்பிய போட்டோ. அவனும் கடைகளுக்குப் படம் எடுக்கிறவன். “அண்ணே, ஒருத்தர் பத்துக் கடை இருக்கு, பணம் என் பொறுப்புங்கிறார், போகலாமா?” என்று கேட்டு விசிட்டிங் கார்டை அனுப்பியிருந்தான். கம்பெனி பெயர் வேறு, நம்பர் வேறு. கார்டின் பின்பக்கம் முழுக்கக் கறிதோசை. இலையின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கிழிசல் இருக்கிறது. திண்டுக்கல், தேனி, விருதுநகர்ப் பக்கம் இருக்கிறவர்களே, அந்தப் படத்தோடு யாராவது உங்களைத் தேடி வந்தால் ஒரு கடைக்கும் கேமராவைத் தூக்காதீர்கள். கார்டை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும்.