சாம்பிள் லைப்ரரிக்கு எந்த டிரைவ்: ஹார்ட் டிஸ்க்கா, சாட்டா எஸ்எஸ்டியா, என்விஎம்இயா?

சாம்பிள் லைப்ரரி என்பது வாத்திய ஒலிகளைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து வைத்த தொகுப்பு. ஆப்பிளின் இசையமைப்பு மென்பொருளான லாஜிக் ப்ரோவின் சவுண்ட் லைப்ரரியை முழுதாக இறக்கினால் 70 ஜிபியைத் தாண்டும். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ப்ரொஃபஷனல் ஒன்றே ஏறத்தாழ 600 ஜிபி. 256 ஜிபி மேக் மினியை வைத்து வீட்டில் இசையமைப்பவர் வெளி டிரைவைத் தேடித்தான் ஆகவேண்டும். கடைக்குப் போனால் பெட்டி மேல் அச்சடித்த வேகத்தைக் காட்டி விற்பார்கள்: நொடிக்கு 130 எம்பி, 550 எம்பி, 1000 எம்பி, 2800 எம்பி. சாம்பிள் லைப்ரரியைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு வாய்ஸுக்கு (ஒலிக்கும் ஒரு சாம்பிளுக்கு) நொடிக்கு 0.29 எம்பி போதும். ஒரே நேரத்தில் 200 வாய்ஸ் ஒலித்தாலும் 58 எம்பிதான். சாதாரண 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் படிக்கும். அப்படியென்றால் அதுவே போதுமே? போதாது. ஸ்டிரிங்ஸ் பேட்சில் (வயலின் குடும்ப ஒலியில்) இரண்டு கையையும் வைத்து அழுத்தினால் பட் பட்டென்று ஒலி உடையும்.

காரணம், ஒவ்வொரு சுரமும் டிஸ்க்கில் வேறு வேறு இடத்தில் கிடக்கிறது. படிக்கும் முனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கச் சுமார் 15 மில்லிநொடி ஆகும். பத்து சுரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று மைக்கின் பதிவு என்றால் 30 இடம். மொத்தம் 450 மில்லிநொடி. கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர்கள் (சாம்பிளை ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள்) ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தையும் முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும். அதுதான் ப்ரீலோட் பஃபர். கான்டாக்டில் இயல்பாக 60 கேபி. ஸ்டீரியோவில் ஏறத்தாழ 0.2 நொடி தாங்கும். அது தீர்வதற்குள் மீதி வந்து சேராவிட்டால் ஒலி வெடிக்கத்தான் செய்யும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் ஓர் இடத்துக்குச் சுமார் 0.1 மில்லிநொடி. 30 இடமும் 3 மில்லிநொடியில் முடிந்துவிடும்.

எஸ்எஸ்டி வாங்கினால் ரேமும் மிச்சம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 5,000 சாம்பிள் உள்ள ஒரு வாத்தியம் 60 கேபி பஃபரில் 300 எம்பி ரேம் பிடிக்கும். எஸ்எஸ்டி இருந்தால் பஃபரைத் தைரியமாக 12 கேபிக்கு இறக்கலாம். 60 எம்பியோடு முடியும். இப்படி 40 வாத்தியம் உள்ள டெம்ப்ளேட் (முன்கூட்டியே அடுக்கி வைத்த ப்ராஜெக்ட்) 12 ஜிபிக்குப் பதில் 2.4 ஜிபியில் அடங்கும். வாங்கிய பிறகு ரேம் கூட்டிக்கொள்ளவே முடியாத மேக்கில் இது சின்ன லாபம் இல்லை. கான்டாக்டின் ஆப்ஷன்ஸில் மெமரி பக்கத்தில் இந்த அளவை மாற்றலாம். புது டிரைவுக்கு மாறிய பிறகும் இதைத் தொடாமல் விட்டால் பாதிப் பயன் போயிற்று.

ஆக ஹார்ட் டிஸ்க் இசை வாசிப்புக்கு ஆகாது. ஆனால் தூக்கி எறிய வேண்டாம். 600 ஜிபியை மறுபடி இறக்க 100 எம்பிபிஎஸ் (மெகாபிட், அதாவது நொடிக்கு 12.5 எம்பி) இணைப்பில், அது முழு வேகத்தில் ஓடினால்கூட, 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். லைப்ரரியின் பேக்கப்புக்கு அந்தப் பழைய டிஸ்க்தான் சரியான ஆள்.

அடுத்தது சாட்டாவா என்விஎம்இயா என்ற சண்டை. இரண்டும் எஸ்எஸ்டிதான், என்விஎம்இ வேகம் கூடிய வகை. ஃபைலை நகலெடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இசை வாசிக்கும்போது தெரியாது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுப்பதில், யுஎஸ்பி வழியாக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ரகம். பெரிய டெம்ப்ளேட் திறப்பதில் என்விஎம்இ கொஞ்சம் முந்தும். அங்கேயும் ப்ராசஸரின் வேலை பாதி. என் கணக்கில் 1 டிபி என்விஎம்இயைவிட அதே விலைக்கு 2 டிபி சாட்டா கிடைத்தால் 2 டிபிதான். விலை ஒன்றென்றால் 10 ஜிபிபிஎஸ் என்விஎம்இயை எடுக்கலாம், ஆனால் சூட்டை வெளியேற்ற அலுமினியப் பெட்டி வேண்டும். மலிவான எஸ்எஸ்டிகள் நீளமாக எழுதும்போது திணறும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் லைப்ரரி ஒருமுறை எழுதிப் பலநூறு முறை படிக்கும் பொருள்.

தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பில் ஓடும் டிரைவ்? படத்தொகுப்பும் சேர்த்துச் செய்பவருக்குச் சரி. சாம்பிளுக்கு மட்டும் என்றால் காசு கரியாகும்.

மேடையில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில். அன்றைய கச்சேரிக்கு வேண்டிய ஒலிகள் லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். யாரோ ஒருவர் கால் பட்டு கேபிள் கழன்றால் மொத்த வாத்தியமும் ஊமையாகும்.

ஃபார்மேட் விஷயத்தில் லாஜிக் கறார். அதன் லைப்ரரியை இடம் மாற்ற டிரைவ் ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஆக இருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட்டை ஏற்காது. ஃபோல்டரை இழுத்துப் போடாமல் லாஜிக்குக்குள் இருக்கும் ரீலொகேட் சவுண்ட் லைப்ரரி வழியாகவே மாற்றுங்கள். கான்டாக்ட் லைப்ரரிகளுக்கு எக்ஸ்ஃபேட் போதும், விண்டோஸிலும் அதே டிரைவைச் செருகலாம். எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் ஃபைல் கெட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் டிரைவ் எழுத்தை நிரந்தரமாக்குங்கள். இன்று இ, நாளை எஃப் என்று மாறினால் பழைய ப்ராஜெக்ட் எல்லாம் சாம்பிள் காணவில்லை என்று கத்தும். மேக்கில் டிரைவின் பெயரை மாற்றினாலும் இதே கதைதான்.

கேபிளையும் பாருங்கள். ஐபோன் 15 உடன் வரும் யுஎஸ்பி சி கேபிள் யுஎஸ்பி 2 வேகம்தான் தரும். அதில் மாட்டினால் நொடிக்கு 1000 எம்பி டிரைவும் 40 எம்பிக்கு மேல் போகாது. டிரைவோடு வந்த குட்டிக் கேபிளையே பயன்படுத்துங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸை அதே ஹப்பில் சொருகாமல் தனி போர்ட்டில் மாட்டுங்கள்.