கொடைக்கானல் ஏரியில் கெண்டை: கூட்டம் கலைந்த மறுநாள் போங்கள்

கொடைக்கானல் ஏரியில் தூண்டில் போடலாமா, மீன் மாட்டுமா என்று என் கடைக்கு ஸ்வெட்டர் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். கடை ஓரத்தில் தூண்டில் கம்பைச் சாத்தி வைத்திருப்பதால் வந்த வினை. ஸ்வெட்டர் விலையை விட்டுவிட்டு மீன் விலையைக் கேட்டால் நான் எப்படிப் பிழைக்கிறது? எழுதியே வைத்துவிடுகிறேன்.

மாட்டும். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் வந்து, பகல் பன்னிரண்டு மணிக்குப் படகுத் துறை பக்கத்தில் கம்பை நீட்டினால் மட்டும் மாட்டாது. என் கணக்கில் இந்த ஏரிக்கு நல்ல நேரம் திங்கட்கிழமை காலை. விடிந்ததிலிருந்து படகுகள் இறங்கும் வரைக்கும். ஏன் திங்கட்கிழமை என்றால், சனி ஞாயிறு வந்த ஜனம் கரையோரம் போட்டுவிட்டுப் போனதெல்லாம் அப்போது தண்ணீருக்குள் கிடக்கும். பாப்கார்ன், பன், சோளக்கதிரில் கடித்தது போக மிச்சம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போவதால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். கூட்டம் இருக்கும்போது நடு ஏரியில் நிற்கிறவை, கூட்டம் போனதும் கரைக்கு வந்து கூட்டிப் பெருக்குகின்றன. அதனால் கூட்டத்தைத் திட்டுகிற தூண்டில்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தீனி போடுகிறவர்களே அவர்கள்தான்.

கூட்டம் என்றால் எவ்வளவு என்று சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்காமல் வெளியூர் வண்டி மேலே ஏற முடியாது. உயர்நீதிமன்ற உத்தரவு. அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையே கட்டிவிட்டார்கள். அந்த வண்டியில் வருகிற எல்லோரும் ஒரு முறையாவது ஏரி ரோட்டைச் சுற்றாமல் இறங்குவதில்லை. சுற்றளவு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அதில் வாடகை சைக்கிள், குதிரை, பஜ்ஜிக் கடை, நடக்கிறவர்கள், நடக்கிறவர்களை போட்டோ எடுக்கிறவர்கள். இதற்கு நடுவில்தான் நாம் உட்கார வேண்டும்.

ஆக, முதல் விதி: தலைக்கு மேல் சுழற்றி வீசாதீர்கள். பின்னால் சைக்கிளில் ஒரு குழந்தை வரும். கம்பைத் தாழ்த்திப் பிடித்து, கீழிருந்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி விட்டாலே போதும். பத்துப் பதினைந்து அடி போனால் நிறைய. மீன் அங்கேதான் இருக்கிறது. நடு ஏரிக்கு வீசுகிற பெரிய கம்பையும் கனமான ஈயத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கெண்டை அவர்கள் காலடியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

இடம் சொல்ல வேண்டும். இது நட்சத்திரம் மாதிரிக் கைகள் விரிந்த ஏரி. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை கட்டித் தேக்கியது. மீன் விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்பார்கள். கைகள் விரிந்த ஏரியாக இருப்பதில் நமக்கு லாபம் உண்டு. படகுகள் பெரும்பாலும் அகலமான நடுப்பகுதியிலேயே சுற்றும். கைகளின் நுனியில் தண்ணீர் ஆழம் குறைவு, சீக்கிரம் சூடாகும், மரநிழல் விழும். நான் அங்கேதான் உட்காருவேன். எந்தக் கை என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் குதிரைக்காரத் தம்பிகளிடம் கூடச் சொன்னதில்லை.

சத்தத்துக்கு மீன் ஓடிவிடாதா என்பார்கள். கெண்டையின் இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடும். தண்ணீரில் வரும் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த ஏரிக் கெண்டைக்குக் குதிரைக் குளம்பும் மிதிபடகும் தினசரிச் சத்தம். குதிரை ரோட்டில் ஓடும்போது மேய்ச்சல் நிற்பதே இல்லை, பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் ஒருவர் கரையின் விளிம்பில் வந்து பொத்தென்று குதித்து நின்றால் சேறு கலங்கி, மீன் மேயும்போது மேலே வரும் குமிழி நின்றுபோகும். அப்புறம் அரை மணி நேரம் சும்மாதான். பழகாத சத்தம்தான் கெடுதல். அதனால் வந்தவுடன் சேர் விரித்து, பெட்டி திறந்து கடகடவென்று சத்தம் போடாதீர்கள்.

மீன் விஷயம். இங்கே முக்கியமாகக் கிடைப்பது சாதா கெண்டை, அதாவது காமன் கார்ப். வாயோரம் இரண்டு ஜோடி மீசை, முழுக்கச் செதில். உடம்பில் செதில் குறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில் இருந்தால் அதைக் கண்ணாடிக் கெண்டை என்பார்கள். நம் நாட்டு மீன் இல்லை. 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து ஊட்டியில் விட்ட பிறகுதான் மலை ஏரிகளில் இது பரவியது. கட்லா, ரோகுக்கு இந்தக் குளிர் ஆகாது. கெண்டை தாங்கும். தாங்கும் என்றால் உயிரோடு இருக்கும் என்று அர்த்தம், இரை எடுக்கும் என்று அர்த்தமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரைக்கு எங்கும் அலைய வேண்டாம். ஏரிக்கரைச் சோளவண்டிதான் என் இரைக்கடை. வேகவைத்த கதிரில் உப்பு, மிளகாய், எலுமிச்சை தடவாமல் வாங்க வேண்டும். நான் வாங்குகிற அக்காவிடம், "அக்கா, தடவாம ஒண்ணு குடுங்க" என்றால், "மீனுக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். மீனுக்கு என்றால் முற்றின கதிராகப் பார்த்துத் தருவார், அது தூண்டிலில் நன்றாக நிற்கும். கூட்டம் போட்டுவிட்டுப் போனதில் மீன் தின்று பழகியது இந்தச் சோளத்தைத்தான். அதையே கொடுத்தால் சந்தேகப்படாது. வீட்டில் காய்ந்த மக்காச்சோளம் இருந்தால் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து அரை மணி நேரம் வேகவிடுங்கள். பச்சையாகப் போட்டால் மீன் வயிற்றுக்குள் போய் ஊதும். இரையைச் சம்படத்தில் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பை, சின்னத் தண்ணீர் பாட்டில் எல்லாம் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கே இங்கே தடை.

சோளத்தைத் தூண்டில் முள்ளில் குத்தாதீர்கள். முள்ளின் அடியிலிருந்து ஒரு இஞ்ச் நூல் விட்டு, அதில் கோத்துத் தொங்கவிடுங்கள். கெண்டை கடிக்கிற மீன் இல்லை, வாயை நீட்டி உறிஞ்சும். ஏதாவது உறுத்தினால் அதே வேகத்தில் துப்பிவிடும். பல் தொண்டைக்குள் இருக்கிறது, தாடையில் இல்லை. சோளம் தனியாகத் தொங்கினால் அதை உறிஞ்சும்போது முள் பின்னாலேயே வாய்க்குள் போகும், துப்பும்போது உதட்டில் ஏறிவிடும். இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மாடக்ஸும் 1980-ஐ ஒட்டிக் கண்டுபிடித்த வேலை இது. சமவெளிக் கண்மாயில் புண்ணாக்கு உருண்டையைச் சுற்றி நாலைந்து முள் கட்டி விடுகிறோமே, அதை இங்கே கொண்டுவராதீர்கள். வாயில் ஒன்று, வயிற்றில் ஒன்று, கண்ணில் ஒன்று என்று குத்திக் கிழிக்கும். குழந்தைகள் சுற்றி நின்று பார்க்கிற இடம்.

ரீல் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் ஒரு சின்ன விசை இருக்கும் 'பெய்ட்ரன்னர்' வகை ரீல்தான் இந்த ஏரிக்குச் சரி. விசையைத் தட்டிவிட்டால் மீன் இழுக்கும்போது தங்கூஸ் நரம்பு தடையில்லாமல் ஓடும், கைப்பிடியைச் சுற்றியதும் பிடித்துக்கொள்ளும். கூட்டமான ஏரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இங்கே நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. "அண்ணே, மாட்டுச்சா?" "கிலோ எவ்வளவுண்ணே?" "இது என்ன மீனு, விலாங்கா?" என்று திரும்பித் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இழுக்கும். சாதா ரீல் என்றால் கம்போடு தண்ணீருக்குள் போய்விடும். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் தெர்மல் உள்ளாடையின் சைஸ் விளக்கிக்கொண்டிருந்தபோது என் ரீல் கிர்ரென்று கத்தியது. அளவு சொல்லி முடித்துவிட்டே போய் மீனை எடுத்தேன். வியாபாரமும் ஆச்சு.

ஏரியின் குறை பாசி. மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் கரையோரம் கொத்துக் கொத்தாக ஏறிவிடும். மாட்டின மீன் நேரே அதற்குள் பாய்ந்து தங்கூஸைச் சுற்றிக்கொள்ளும். மெல்லிய நரம்பு போட்டால் முள்ளோடு போய்விடும், அந்த மீன் முள்ளோடு சாக வேண்டும். கனமான நரம்பே போடுங்கள். இன்னொரு குறை குதிரைச் சாணம், உட்காருமுன் பார்த்து உட்காருங்கள்.

அனுமதிச் சீட்டு மீன்வளத் துறையிடம் வாங்க வேண்டும். முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை விடிகாலையில் யாரும் ஆபீசைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள்.

பிடித்த மீனை நான் விட்டுவிடுவேன். இதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. இந்த ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு விவகாரம் வெளியே வந்து 2001-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஐதராபாத் ஆய்வுக்கூடத்தார் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் கண்டு 2006-ல் எழுதினார்கள். கெண்டை என்ன செய்கிறது? நாள் முழுக்க அந்த வண்டலைத்தான் கிளறித் தின்கிறது. எங்கள் தெருவில் குழம்பு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், "அதெல்லாம் பழைய கதை மாப்ள" என்கிறார்கள். நான் வாதாடுவதில்லை, குழம்புக்கும் போவதில்லை. வீட்டில் மீன் வேண்டுமென்றால் வத்தலக்குண்டிலிருந்து வருவதை வாங்குகிறோம்.

விடுகிறதென்றால் ஒழுங்காக விட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கையில் அதன் வழவழப்பு உரிந்து வந்துவிடும். வலையில் எடுங்கள், தார் ரோட்டில் போட்டு உருட்டாதீர்கள். போட்டோவுக்குச் சுற்றி நிற்பார்கள். "ஒரே ஒரு செல்ஃபிண்ணே" என்று மீனைக் கையில் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. குழந்தை கேட்டால் மட்டும், மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே தொட்டுப் பார்க்கச் சொல்வேன். மீசையைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்.

இனிக் குளிர் விஷயம். டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் மேலே நான் சொன்ன விடிகாலைக் கணக்கை மறந்துவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், ராத்திரி ஏரிக்கரைப் புல்லில் உறைபனி விழும். தண்ணீர் குளிர்ந்தால் கெண்டைக்குச் செரிமானம் மந்தமாகிவிடும், இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. காலை ஆறு மணிக்கு வந்து கை விறைத்து உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை. பதினோரு மணிக்கு மேல், வெயில் நேராக விழுகிற ஏரிக் கையின் நுனியில், ஒரே ஒரு சோளம் கோத்துப் போடுங்கள். தீனி வாரி இறைக்காதீர்கள், அதற்குப் பசி அவ்வளவு இருக்காது. அந்த நேரம் படகும் சைக்கிளும் முழு வேகத்தில் இருக்கும்தான், சகித்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அப்போதுதான் வருவேன்.