உப்புநீரா, மணலா, கச்சா எண்ணெயா: காத்திருக்கும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்?

அமெரிக்க எண்ணெய் வயல்களில் லாரி ஓட்ட ஆள் தேடும் விளம்பரங்களில் வாரச் சம்பளம்தான் பெரிய எழுத்தில் இருக்கும். 2023-இல் அந்நாட்டின் கனரக லாரி ஓட்டுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 54,320 டாலர். எண்ணெய் வயல் விளம்பரங்கள் அதைவிட வெகு உயரத்தில் நிற்கும். ஆனால் அந்தத் தொகை எத்தனை மணி நேர உழைப்புக்கு என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த வேலையில் வண்டி ஓடும் நேரத்துக்குச் சமமாக, சில நாள் அதைவிடக் கூடுதலாக, வண்டி நிற்கும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குக் காசு உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் இந்த வேலைகளை ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நேரக் கணக்கு. மத்திய அரசின் விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம். வேலையில் இறங்கிய நேரத்திலிருந்து 14 மணி நேரம் கடந்துவிட்டால் அதன்பின் ஓட்டக் கூடாது. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்ற கணக்கைப் புதிதாகத் தொடங்க மற்றவர்களுக்கு 34 மணி நேர ஓய்வு தேவை. எண்ணெய் வயல் பணிக்கு மட்டுமே ஓடும் லாரிகளுக்கு 24 மணி நேரம் போதும். சம்பளம் கூடுவதற்கும் உடல் தேய்வதற்கும் இந்தச் சலுகை ஒரு காரணம். இன்னொரு சலுகையும் உண்டு. கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை 14 மணி நேரக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஆனால் அது கிணற்றுப் பணிக்கென்றே தனியாக வடிவமைத்த வண்டிகளை ஓட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான். மணல் லாரியும் தண்ணீர் லாரியும் அதில் சேராது என்று மத்திய லாரிப் பாதுகாப்பு நிர்வாகம் 2012-இல் தெளிவுபடுத்தியது. டெக்சாஸ் எல்லைக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு மாநில விதி வேறு: 8 மணி நேர ஓய்வு, 12 மணி நேர ஓட்டம், 15 மணி நேர வேலை. படித்தாலே அயர்ச்சி தரும் விதி அது.

இந்தப் பின்னணியில் மணலைப் பாருங்கள். பாறையில் விரிசல் உண்டாக்கி எண்ணெய் எடுக்கும் பணிக்கு ஒரே கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான டன் மணல் தேவைப்படுகிறது. ஒரு லாரி ஏற்றுவது ஏறத்தாழ 25 டன். அதனால் கிணற்றடியிலும் மணல் சுரங்கத்திலும் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. இங்கே பெரும்பாலும் நடைக்கூலி. ஒரு கணக்குக்காக நடைக்கு 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 14 மணி நேரத்தில் மூன்று நடை முடித்தால் 750 டாலர். மணிக்கு 53 டாலருக்கு மேல் விழுகிறது. கிணற்றில் ஒரு பம்பு பழுதாகி வரிசை நகராமல் நின்று, அன்று ஒரே நடைதான் முடிந்தது என்றால் மணிக்கு 18 டாலர்கூட இல்லை. பம்பு பழுதானதில் ஓட்டுநரின் தவறு என்ன? ஒன்றுமில்லை. ஆனால் அதன் நட்டம் அவர் தலையில் இறங்குகிறது. அவருடைய 14 மணி நேரமும் அந்த வரிசையிலேயே கரைகிறது.

காத்திருப்புக் கூலி உண்டு என்று நிறுவனங்கள் சொல்லும். அது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதையும், கிணற்று நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் ஓட்டுநர் கைக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. மணல் வேலைக்கு ஆள் குவிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: வணிக ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும், டேங்கருக்கான கூடுதல் அனுமதியோ ஆபத்தான சரக்குக்கான அனுமதியோ வேண்டாம். எளிதாக நுழையலாம் என்பதால் கூலியையும் எளிதாகக் குறைக்கிறார்கள். இதோடு சிலிக்கா தூசி வேறு. சுவாசிக்கத்தக்க சிலிக்காவின் அளவு எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது. காற்றழுத்தத்தால் மணலை ஊதி இறக்கும் வண்டிகளைவிட, பெட்டியோடு இறக்கிவைக்கும் முறையில் தூசி மிகக் குறைவு. எனவே எந்த முறை என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்; நுரையீரலில் படிந்த சிலிக்காவுக்கு மாற்று மருந்து கிடையாது.

தண்ணீர் லாரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் பரந்திருக்கும் பெர்மியன் எண்ணெய்ப் படுகையில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு பல பீப்பாய் உப்புநீர் மேலே வருகிறது; அதை ஆழ்கிணறுகளில் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். ஒரு லாரிக்கு ஏறத்தாழ 130 பீப்பாய் பிடிக்கும். மணிக்கூலி கொடுக்கும் இடங்கள் இதில்தான் அதிகம். வருமானத்தின் உச்சம் தாழ்வுதான், ஆனால் வரிசையில் நின்றாலும் கூலி ஏறுகிறது. டேங்கர் அனுமதி வேண்டும். இரவு ஓட்டம் அதிகம். குழாய்கள் பெருகப் பெருக இந்த வேலை மெல்லச் சுருங்கி வருகிறது.

கச்சா எண்ணெய் ஏற்றும் வேலைக்கு மதிப்பு கூடுதல்; நியாயமாகவே கூடுதல். டேங்கர், ஆபத்தான சரக்கு ஆகிய இரண்டு அனுமதிகளும் வேண்டும். கைரேகை கொடுத்துப் பாதுகாப்புப் பரிசோதனையில் தேற வேண்டும். பழைய கிணற்றடிகளில் ஓட்டுநரே தொட்டியின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, எண்ணெய் மட்டத்தை அளந்து, மாதிரி எடுத்து, அதில் எவ்வளவு தண்ணீரும் வண்டலும் கலந்திருக்கிறது என்று பார்த்து, ரசீது எழுத வேண்டும். சுமார் 180 முதல் 200 பீப்பாய், அதாவது 8,000 காலன் எண்ணெயின் விலை அவர் எழுதும் அந்த எண்களில் நிற்கிறது.

அந்த மூடிதான் உயிரைக் குடிப்பதும். 2010 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில், தொட்டி மூடியைத் திறந்து அளக்கும்போதும் மாதிரி எடுக்கும்போதும் ஆவியைச் சுவாசித்து ஒன்பது தொழிலாளர்களாவது இறந்ததை அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் பதிவு செய்து, 2016-இல் எச்சரிக்கை வெளியிட்டன. திறந்தவுடன் எழும் எண்ணெய் ஆவி ஆக்சிஜனை விரட்டிவிடும். ஹைட்ரஜன் சல்பைடும் இருந்தால் இன்னும் கொடுமை: குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு ஏறியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நள்ளிரவில், ஆளரவமற்ற இடத்தில், ஏணி மேல் தனியாக நிற்கும் மனிதன் மயங்கி விழுந்தால் பார்க்க யாருமில்லை. மூடியைத் திறக்காமல் தானாக அளந்து ஏற்றும் கருவிகள் வந்துவிட்டன. அவை பொருத்தப்பட்ட தொட்டிகளில் மட்டும் எண்ணெய் ஏற்றும் நிறுவனம் மணிக்கு இரண்டு டாலர் குறைவாகக் கொடுத்தாலும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். கூலி முறையில் இங்கே மணிக்கூலி, நடைக்கூலி, வாடகையில் பங்கு என மூன்றும் உண்டு. பங்கு என்றால் எந்தத் தொகையில் பங்கு என்று கேளுங்கள். நிறுவனம் தன் பிடித்தங்களை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதிலா, முழு வாடகையிலா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு பள்ளம்: மாநில எல்லை தாண்டும் சரக்கைக் கையாளும், 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள லாரியின் ஓட்டுநருக்கு மத்தியச் சட்டப்படி ஒன்றரை மடங்கு மிகைநேர ஊதியம் கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே கொடுக்கின்றன. சில 70 மணி நேரத்துக்கும் ஒரே விகிதம்தான். ஒப்பந்ததாரர் என்று பெயர் வைத்து வேலைக்கு எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஊழியராக இருந்தால் சமூகப் பாதுகாப்பு, மருத்துவ வரிகளில் பாதியை நிறுவனம் கட்டும், ஒப்பந்ததாரர் 15.3 விழுக்காட்டையும் தாமே கட்ட வேண்டும். சொந்த லாரியென்றால் டீசல், டயர், காப்பீடு எல்லாம் அவர் பொறுப்பு. வண்டியைத் தவணையில் கொடுத்து, வேலையையும் தானே கொடுக்கும் நிறுவனத்திடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே வேலை குறைந்தாலும் தவணை குறையாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 37 டாலர் வரை விழுந்தது. அந்த வசந்தத்தில் கிணறுகள் நின்றன, லாரிகளும் நின்றன. நிறுவன லாரி ஓட்டியவர் வேலையை மட்டும் இழந்தார். தவணை லாரி எடுத்தவருக்குக் கடனும் மிஞ்சியது.

இடத்தையும் ஒப்பிட வேண்டும். பெர்மியனில் வேலை அதிகம், பனி குறைவு, டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. ஆனால் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக் காப்பீட்டைத் தனியார் முதலாளி எடுக்காமலேயே இருக்கலாம் என்று அனுமதிக்கும் மாநிலமும் டெக்சாஸ்தான். வடக்கு டகோட்டாவின் பேக்கன் வயலில் குளிர் சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை போகும், வால்வுகள் உறையும். ஆனால் அங்கே அந்தக் காப்பீடு மாநில அரசின் நிதியத்தின் வழியாகக் கட்டாயம். எண்ணெய் எடுக்கும் தொழிலில் உயிரிழப்புக்கு முதற்காரணம் வெடிவிபத்து அல்ல, சாலை விபத்து. டெக்சாஸின் பெக்கோஸுக்கும் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடுக்கும் இடையிலான 285-ஆம் நெடுஞ்சாலையை அங்குள்ளவர்கள் மரணச் சாலை என்றே அழைக்கிறார்கள். காப்பீடு இல்லாமல் அந்தச் சாலையில் ஓட்டுவது எந்தச் சம்பளத்துக்கும் தகாது.

நாளைய நிலைமையையும் கணக்கில் வையுங்கள். டெக்சாஸின் கெர்மிட் பகுதியிலிருந்து நியூ மெக்சிகோ வரை 42 மைல் நீளத்துக்கு மணலைக் கொண்டுபோகும் இயந்திரப் பட்டை 2025-இல் இயங்கத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத மணல் லாரிகளும் அதே பெர்மியன் படுகையில் ஓடுகின்றன.

ஆகவே எனது தேர்வு: நிறுவன லாரி, மணிக்கூலி, கச்சா எண்ணெய். அனுமதிகள் கைக்கு வரும்வரை தண்ணீர் லாரி. மணல்தான் கிடைக்கிறது என்றால், காத்திருப்புக் கூலி எத்தனையாவது மணியிலிருந்து, மணிக்கு எவ்வளவு, கிணற்று நிறுவனம் கொடுக்காவிட்டாலும் உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.