கம்ப்ரஷனா, இன்ஜெக்ஷனா?

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை போட நினைக்கிறவர்களுக்கு முதல் குழப்பமே இதுதான்: தூளைச் சூடான அச்சில் கொட்டி அழுத்தும் கம்ப்ரஷனா, உருக்கிய பிளாஸ்டிக்கை மூடிய அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்ஷனா?

அச்சுச் செலவு: கம்ப்ரஷனில் குறைவு, உருகிய பிளாஸ்டிக் ஓடும் வழி (ரன்னர்), அச்சுக்குள் நுழையும் வாய் (கேட்) எதுவும் வேண்டாம். இன்ஜெக்ஷன் அச்சின் (டை) விலை எகிறும்.

வேகம்: குக்கர் கைப்பிடிக்கான பேக்லைட் என்ற பிளாஸ்டிக் தூளை 150 முதல் 180 டிகிரி சூட்டிலிருக்கும் அச்சில் கொட்டி அழுத்தினால், அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் ஓரத்தில் பிதுங்கிய பிசிறை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி எடுக்க வேண்டும், ஆள்கூலி போவது இங்கேதான். இன்ஜெக்ஷனில் பாலிப்ரொப்பிலீன் மூடி நொடிக்கணக்கில் விழுந்துவிடும்.

சூடு: ஒருமுறை இறுகிய பேக்லைட் சூட்டில் இளகாது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும்.

கழிவு: பேக்லைட் மறுபடி உருகாது, பாலிப்ரொப்பிலீனை அரைத்துத் திரும்பப் போடலாம்.

கைப்பிடி, சுவிட்ச் பாகம், அளவான ஆர்டர் என்றால் கம்ப்ரஷனே போதும். டப்பா, மூடி, அதுவும் லட்சக்கணக்கில் என்றால் யோசிக்காமல் இன்ஜெக்ஷனுக்குப் போங்கள்.