சால்மனுக்கு எந்தக் கம்பு? முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஓர் அலசல்

"மாமா, முப்பதாயிரத்துக்குள்ள ஒரு நல்ல ஃப்ளை ராடு சொல்லுங்க" என்று ஏற்காட்டிலிருந்து மைத்துனன் போன் செய்தான். ஃப்ளை என்பது இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள், அதை வீசி மீன் பிடிக்கும் கம்புதான் ஃப்ளை ராடு. செப்டம்பரில் சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறான். எங்கள் மகனும் அந்தப் பக்கம்தான். இரண்டு வருடம் இலையுதிர் காலத்தில் அங்கே போய் ஸ்கைகோமிஷ் ஆற்றில் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றவன் என்பதால், இந்த விஷயத்தில் குடும்பத்துக்கு நான்தான் வல்லுநர்.

மைத்துனன் மேட்டூர் ஆள். தங்கூசி, தக்கை, ஈயம், மண்புழு என்று சின்ன வயதிலிருந்து கெண்டை பிடித்தவன். "எல்லாம் தூண்டில்தானே மாமா" என்கிறான். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். நம் ஊரில் ஈயம் பறக்கிறது, தங்கூசி அதன் பின்னால் போகிறது. ஃப்ளையில் முள்ளின் மேல் இறகும் நூலும் கட்டியிருப்பதால் அதற்கு எடையே கிடையாது. அங்கே பறப்பது நூல், முள் அதன் பின்னால் போகும். நூல் தடிமனாக, பிளாஸ்டிக் பூசி, எடை போட்டுச் செய்ததாக இருக்கும். கம்பின் மேல் எழுதியிருக்கும் எண் மீனின் எடையல்ல, அந்த நூலின் எடை. எட்டாம் எண் என்றால் நூலின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம். நம் கணக்கில் ஒன்றே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு எடையைக் காற்றில் முன்னும் பின்னும் வளைத்து எறிய வேண்டும். சரியாக எறிந்தால் நூல் வானத்தில் ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்பிப் போகும். தப்பாக எறிந்தால் காதில் முள் குத்தும்.

எந்த எண் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, எட்டு. அங்கே சால்மனோடு பிடிக்கிற இன்னொரு மீன் ஸ்டீல்ஹெட், அது கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புகிற ரெயின்போ டிரவுட். நீலகிரியில் அவலாஞ்சி பண்ணையில் வளர்க்கிறார்களே, அதே இனம்தான். கடல் சாப்பாடு சாப்பிட்டு வந்தால் மூன்று நான்கு கிலோ சர்வ சாதாரணம். கோஹோ சால்மனும் அந்த அளவுதான், பிங்க் சால்மன் இரண்டு கிலோ சொச்சம், சம் சால்மன் இன்னும் கொஞ்சம் பெரிது. இவை எல்லாவற்றுக்கும் எட்டு போதும். ஆறாம் எண் கம்பில் பிடிக்கலாம், ஆனால் மீனை வெகுநேரம் இழுத்துக் களைப்பாக்கித்தான் கரை சேர்க்க முடியும். திரும்ப விட வேண்டிய மீனுக்கு அது கேடு. பத்தாம் எண் சினூக் என்னும் ராட்சச சால்மனுக்கானது. நாள் முழுக்க வீசினால் தோள்பட்டை போய்விடும்.

உண்மையான சண்டை நீளத்தில்தான். ஒரு பக்கம் 9 அல்லது 10 அடி ஒற்றைக் கைக் கம்பு. எதிர்ப்பக்கம் 13 அடி இரட்டைக் கைக் கம்பு, ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரால் ஸ்பே கம்பு என்பார்கள். நடுவில் 11 அடி ஸ்விட்ச் கம்பு.

ஸ்பே கம்பைப் பார்த்ததும் ஆசை வரும், எனக்கும் வந்தது. நூலைப் பின்னால் தூக்கி எறியத் தேவையில்லை. தண்ணீரின் மேல் ஒரு சுற்று சுற்றி, தண்ணீரின் பிடிப்பையே பலமாக வைத்து முன்னால் தள்ளிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் காடு அடர்ந்திருக்கும் அந்த ஊர் ஆறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஒற்றைக் கைக் கம்போடு நான் அங்கே மரக்கிளைகளுக்குக் காணிக்கை செலுத்திய ஃப்ளைகளை எண்ணினால் ஒரு சின்ன பெட்டி நிறையும். ஆனால் செலவு கம்போடு நிற்காது. முன்னால் பறக்கிற கனத்த 550 கிரெயின் தலைநூல் (நாலரைப் பவுன்!), அதன் பின்னால் இழுபட்டுப் போகும் மெல்லிய ஓடுநூல், மூழ்கும் நுனிகள், இத்தனையையும் சுமக்கப் பெரிய ரீல் என்று வரிசையாக வரும். மைத்துனனின் முப்பதாயிரம் பாதி வழியில் தீர்ந்துவிடும். தவிர, நான்காகக் கழற்றினாலும் ஒவ்வொரு துண்டும் 39 அங்குலம், ஊருக்குக் கொண்டுவரச் சூட்கேஸில் அடங்காது. 9 அடிக் கம்பின் துண்டு 27 அங்குலம்தான், பெரிய பெட்டியில் குறுக்கே வைத்தால் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்விட்ச் கம்பை ஒரு கையாலும் எறியலாம், இரு கையாலும் எறியலாம் என்பார்கள். ஒரு கைக்குக் கனம், இரு கைக்குக் குட்டை. எந்த நூல் பொருந்தும் என்பதில் கடைக்காரர்களே ஒத்துப்போவதில்லை. முதல் கம்பாக வாங்க வேண்டாம்.

ஆக ஒற்றைக் கை. கடற்கரையில் பிங்க் பிடிப்பதாக இருந்தால் 9 அடி. ஆனால் ஆற்றில் நிற்கிற நேரம்தான் அதிகம் என்பதால் மைத்துனனுக்கு நான் சொன்னது 10 அடி. அந்த ஒரு அடி கூடுதல், நீரோட்டத்தின் மேல் நூலைத் தூக்கிப் பிடிக்க உதவும். முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. அங்கே இண்டிகேட்டர் என்று ஒரு முறை இருக்கிறது. நூலில் ஒரு மிதவை கட்டி, அடியில் முள்ளைத் தொங்கவிட்டு, ஓட்டத்தோடு போகவிடுவது. நம் தக்கைதான், டாலரில் விற்கிறார்கள். தக்கை முங்குவதை நாற்பது வருடம் பார்த்த கண்ணுக்கு ஸ்டீல்ஹெட் அப்படித்தான் முதலில் மாட்டும்.

அடுத்தது எந்தக் கம்பெனி. முதல் வருடம் ஆன்லைனில் கம்பு, ரீல், நூல், பெட்டி எல்லாம் சேர்த்து 70 டாலருக்கு ஒரு செட் வாங்கினேன். மூன்றாவது நாள் ஒரு கோஹோ ஓட, துண்டுகள் சேரும் இடத்தில் கம்பு மடக்கென்று உடைந்தது. விற்றவனுக்கு எழுதினேன், பதிலே இல்லை. எதிர்க்கோடியில் சேஜ் கம்புகள் இருக்கின்றன. சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் தீவில்தான் சேஜ் தயாராகிறது, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. விலை ஆயிரம் டாலர் பக்கம். மைத்துனன் பார்க்க வேண்டியது நடுத்தட்டு: ரெடிங்டன், எக்கோ, டெம்பிள் ஃபோர்க், ஆர்விஸ் கிளியர்வாட்டர். பெரும்பாலும் 150 முதல் 250 டாலர் வாக்கில் கிடைக்கும். எறிவதில் இவற்றுக்குள் வித்தியாசம் உண்டு, ஆனால் புதிதாகப் பிடிக்கிற கைக்கு அது தெரியாது. கவனிக்க வேண்டியது உத்தரவாதம். டெம்பிள் ஃபோர்க்கில் வாழ்நாள் உத்தரவாதம், கிளியர்வாட்டரில் 25 வருடம். கார் கதவில் நசுங்கினாலும் ஒரு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டாவது வருடம் வாங்கியது டெம்பிள் ஃபோர்க். அது கொஞ்சம் சாது, மெதுவாக வளையும், பிழையை மன்னிக்கும்.

டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் முப்பதாயிரம் என்பது 350 டாலர். எல்லோரும் 250 கம்புக்குப் போட்டுவிட்டு மிச்சத்தில் மட்டமான நூல் வாங்குவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். கம்புக்கு 170, நூலுக்கு 80, டிஸ்க் டிராக் (மீன் ஓடும்போது நூலைத் தடுத்துப் பிடிக்கும் பிரேக்) உள்ள எளிய ரீலுக்கு 70, மீதியில் நூலுக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் நுனி நரம்பும் நாலைந்து ஃப்ளையும். எறிவது நூல் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, மலிவுக் கம்பில் நல்ல நூல் போகும், விலையுயர்ந்த கம்பில் மட்டமான நூல் போகாது. மூழ்கும் நூல் தனியாக வேண்டாம். மிதக்கும் நூலின் நுனியில் 15 டாலர் சொச்சத்துக்கு ஒரு மூழ்கும் லீடர், அதாவது மூழ்குகிற நுனி நரம்பு, கட்டினால் முள் வேண்டிய ஆழத்துக்குப் போகும்.

அப்புறம் லைசென்ஸ், அது பட்ஜெட்டில் சேராத தனிச் செலவு. பிடித்தது ஸ்டீல்ஹெட் என்றால் அதன் முதுகில் வாலுக்கு முன்னால் சின்னக் கொழுப்புத் துடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பண்ணை மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு ஸ்டீல்ஹெட், தண்ணீரை விட்டுத் தூக்காமல் விட்டுவிட வேண்டும். குழம்பு ஆசை அங்கே செல்லாது.

போவதற்கு முன் ஒரு மாதம் புல்வெளியில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி எறிந்து பழகச் சொல்லியிருக்கிறேன். கம்பே இல்லாமல் எப்படிப் பழகுவான் என்று என் மனைவி கேட்டாள். உங்கள் கம்பு அலமாரி மேல் சும்மாதானே கிடக்கிறது, அதைக் கொடுத்தால் என் தம்பிக்கு முப்பதாயிரமும் மிச்சம் என்றாள். பழக மட்டும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதுவும் ரீல் இல்லாமல்.